யூசு மணக்கும் டைக்கிரி

டைக்கிரி என்ற காக்டெயிலில் சேர்பவை மூன்றே: வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. மூன்றையும் ஐஸோடு சேர்த்துக் குலுக்கி, வடிகட்டி, தண்டு வைத்த சிறு கோப்பையில் ஊற்றினால் வேலை முடிந்தது. சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் தரும் அளவு 60 மி.லி. கியூபா வெள்ளை ரம், 20 மி.லி. சாறு, பார் கரண்டியால் இரண்டு கரண்டி பொடிச் சர்க்கரை. அந்த 60 மி.லி. ரம் நம்மூர் பாஷையில் சொன்னால் ஒரு லார்ஜ். சோடாவோ கோலாவோ பழக்கூழோ எதுவும் கிடையாது. அதனால் ரம் மட்டமாக இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். காலையில் பிழிந்து வைத்த சாறு என்றாலும் தெரியும். கால் கரண்டி சர்க்கரை கூடினாலும் தெரியும். இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோ ஜப்பானியப் பொருளாக மாற்றிச் செய்வதுதான் யூசு டைக்கிரி. யூசு என்பது எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த ஒரு ஜப்பானியப் பழம்.

மூல பானம் கியூபாவின் கிழக்கு ஓரத்தில், சாண்டியாகோ நகருக்கு அருகே பிறந்தது. டைக்கிரி என்பது அங்குள்ள ஒரு கடற்கரைச் சிற்றூர். பக்கத்தில் இரும்புச் சுரங்கம். 1898-ல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போரில் அமெரிக்கப் படை இறங்கியது இந்தக் கரையில்தான். அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ் என்பவர் இந்தப் பானத்தைக் கலந்து பெயரும் வைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 1909-ல் அங்கு சென்ற கடற்படை மருத்துவ அதிகாரி லூசியஸ் ஜான்சன் அதை வாஷிங்டனில் உள்ள ராணுவ, கடற்படை அதிகாரிகள் கிளப்புக்குக் கொண்டுவந்தார். காக்ஸை ‘கண்டுபிடித்தவர்’ என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும் ஒரே மண்ணில் விளையும் ஊர்களில் யாரோ ஒருவர் அவற்றை முன்பே சேர்த்துக் குடித்திருப்பார். பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல் வெர்னன் 1740-லேயே மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்க உத்தரவிட்டார். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் அதில் சேர்ந்துகொண்டன. காக்ஸின் பங்கு, பானத்துக்குப் பெயர் கிடைத்ததும் அது ஐஸோடு குலுக்கும் காக்டெயிலாக அமெரிக்காவுக்குப் போனதும்தான்.

அந்தப் பானம் சாண்டியாகோவில் தோன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1862-ல் ஃபகுண்டோ பக்கார்டி அதே ஊரில் தம் வடிசாலையைத் தொடங்கினார். அதுவரை கரீபியன் ரம் கனத்த நெடியும் முரட்டுச் சுவையும் கொண்டது. அவர் கரி வழியாக வடிகட்டி, ஓக் பீப்பாயில் வைத்து, மெல்லிய ரம்மை உருவாக்கினார். சாற்றின் மணத்தை அமுக்காத அந்த ரம் இல்லாமல் டைக்கிரி இன்றைய வடிவத்துக்கு வந்திருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஜப்பானிய ரம்மைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் ரம் சாற்றின் மணத்தை அமுக்குமா என்ற கேள்வி எழும்.

பானத்தைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனவர் ஹவானாவின் எல் ஃப்ளோரிடிட்டா பாரை நடத்திய கான்ஸ்டான்டினோ ரிபலைகுவா. ஐஸைப் பொடித்து மிக்ஸியில் அடிக்கும் வகைகளை அவர் பழக்கினார். எழுத்தாளர் ஹெமிங்வே அங்கு வாடிக்கையாளர். அவருக்காகச் சர்க்கரை நீக்கி, கிரேப்ஃப்ரூட் சாறும் மராஸ்கினோ என்ற செர்ரி மதுவும் சேர்த்த ஒரு வகை உருவாயிற்று; இன்றும் அவர் பெயரில் பரிமாறப்படுகிறது. அடிப்படை அமைப்பைக் கெடுக்காமல் புளிப்பையும் இனிப்பையும் மாற்றலாம் என்பதற்கு அதுவே முதல் பெரிய முன்னுதாரணம். பிற்காலத்தில் ஸ்ட்ராபெர்ரிக் கூழும் செயற்கைச் சாறும் போட்டு இயந்திரத்தில் சுழலும் சிவப்புக் கஞ்சிக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை.

காக்டெயில் ஜப்பானுக்கு நேற்று வந்த சங்கதியென்று நினைக்க வேண்டாம். 1859-ல் யோகொஹாமா துறைமுகம் வெளிநாட்டினருக்குத் திறந்தது. அங்கிருந்த கிராண்ட் ஹோட்டலை 1890-களில் நிர்வகித்தவர் லூயி எப்பிங்கர். ஷெர்ரி, வெர்மூத் என்ற ஒயின் வகைகள் கலந்த ‘பாம்பூ’ என்ற காக்டெயில் அவர் வழியாக உலகுக்குப் போனது. பிறகு டோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் பத்துப் பேர் உட்காரக்கூடிய சிறிய பார்கள் வளர்ந்தன. வெள்ளைக் கோட்டும் டையும் அணிந்த ஒருவர் ஐஸை வெட்டுவது, கோப்பையைத் துடைப்பது, ஷேக்கரைக் குலுக்குவது என ஒவ்வொன்றையும் பல வருடப் பயிற்சியாகச் செய்யும் இடங்கள் அவை. அங்கே பயிற்சிக்கு வருபவர் முதலில் ஷேக்கரைத் தொடுவதே இல்லை. மேஜை துடைக்கவும் ஐஸ் உடைக்கவும் கற்றுக்கொண்ட பிறகுதான் முறை வரும்.

அந்தப் பார்களில் பல காலம் அமெரிக்க, கியூபா வகைகளையே பிசிறில்லாமல் செய்துவந்தார்கள். உள்ளூர்ப் பொருள்கள் கோப்பைக்குள் பெருமையோடு நுழைந்தது பின்னால்தான். அப்படி நுழைந்தபோது டைக்கிரிக்குத் தேவையான மூன்றும் ஜப்பானிலேயே இருந்தன. ஜப்பான் என்றால் அரிசியும் அரிசி மதுவான சாக்கேயும் நினைவுக்கு வரும். கரும்பு நினைவுக்கு வராது. ஆனால் தெற்கே ஒகினாவா தீவுகளில் வீட்டுக்குப் பின்னாலேயே கரும்புத் தோட்டம்.

ஒகினாவா ஒரு காலத்தில் ரியூக்யூ என்ற தனி அரசு. 1609-ல் ஜப்பானின் சட்சுமா பிரபுக்கள் படையெடுத்து அதைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். 1623-ல் கிமா ஷின்ஜோ என்ற அதிகாரி சீனாவின் ஃபூஜியனுக்கு ஆள் அனுப்பி, கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் முறையைக் கற்றுவரச் செய்தார். அதன் பின் சர்க்கரை வரியாகவும் ஏற்றுமதிப் பொருளாகவும் ஆனது. வடக்கே அமாமி தீவுகளில் நிலைமை இன்னும் கொடியது. சட்சுமா அங்கு நெல் வயல்களையும் கரும்பாக்கி, விளைந்த சர்க்கரை முழுவதையும் எடுத்துக்கொண்டது. கரும்பு விளைவித்தவர்கள் சாப்பாட்டுக்குத் திண்டாடிய அந்தக் காலத்தைத் தீவு மக்கள் சர்க்கரை நரகம் என்றே சொல்கிறார்கள். இனிப்பின் வரலாறு எந்த நாட்டிலும் இனிப்பாக இருந்ததில்லை. கியூபாவில் அது அடிமைகளின் உழைப்பில் நின்றது.

ஒகினாவா, அமாமி தீவுகளின் சர்க்கரைக்குக் கொகுதோ என்று பெயர். கரும்பை ஆலையிலிட்டுப் பிழிந்து, சாற்றில் சிறிதளவு சுண்ணாம்பு சேர்த்து, அழுக்கை மேலே திரளவிட்டு எடுத்து, கெட்டியாகும்வரை காய்ச்சி, கிண்டி ஆறவைப்பது. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: இது வெல்லம். மொலாசஸ் என்ற கரும்பாகைப் பிரித்தெடுக்காததால் இரும்புச் சத்தும் லேசான உப்புக்கரிப்பும் கடைசியில் ஒரு சிறு கசப்பும் அதில் நிற்கும். ஒகினாவாவில் இப்போது ஹத்தெருமா, தராமா, யொனாகுனி உள்ளிட்ட எட்டுத் தீவுகளில் இது தயாராகிறது. ஒரே செய்முறையானாலும் மண்ணுக்கு மண் சுவை மாறுகிறது. கடைகளில் தீவின் பெயரைப் போட்டே விற்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் வசன்போன். ஷிகொக்கு தீவின் ககாவா, தொகுஷிமா மாவட்டங்களில் மெல்லிய தண்டுள்ள ஒரு வகைக் கரும்பிலிருந்து எடுப்பது. காய்ச்சிய சர்க்கரையைத் துணியில் கட்டி, கல் தொங்கும் நெம்புகோலின் அடியில் அழுத்தி மொலாசஸை வெளியேற்றுவார்கள். பிறகு பலகையில் கொட்டிச் சிறிது தண்ணீர் தெளித்துக் கையாலேயே பிசைவார்கள். மறுபடி துணி, மறுபடி அழுத்தம். இப்படிச் சில நாட்கள் திரும்பத் திரும்பச் செய்தால் தந்த நிறத்தில் மாவு போன்ற பொடி கிடைக்கும். நாக்கில் வைத்தவுடன் கரைந்துவிடும். இனிப்பு வந்த வேகத்தில் விலகிவிடும். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் வைக்கும் பூ வடிவ மிட்டாய்கள் இதில் செய்தவை. விலை அதிகம். குளிர்ந்த மதுவில் சாதாரணச் சர்க்கரை எளிதில் கரையாது. இந்தப் பொடி கரையும் என்பதால் டைக்கிரிக்கு இது வெறும் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது.

கரும்பு இருக்கும் இடத்தில் ரம் இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். ஜப்பானில் ரம் தாமதமாகத்தான் வந்தது. டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1,000 கி.மீ. தள்ளியுள்ள ஒகசவாரா தீவுகளில் 1830-ல் முதலில் குடியேறியவர்கள் ஹவாயிலிருந்து வந்த மேற்கத்தியரும் ஹவாய் மக்களும். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்துபோன அந்தத் தீவுகளில் ரம் பழக்கமான சரக்கு. பின்னர் கரும்பு பயிரானபோது மொலாசஸிலிருந்து தீவினரே மது வடித்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப் பிடியில் இருந்து, 1968-ல் தீவுகள் ஜப்பானிடம் திரும்பின. 1990-களில் அந்தப் பழைய மதுவை உள்ளூர்ப் பொருளாக மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒகினாவா பெருந்தீவுக்குக் கிழக்கே கடலில் தனியாக நிற்கும் மினாமிதைத்தோ தீவின் கதை வேறு. 1900 வரை அங்கு ஆளே கிடையாது. குடியேறியவர்கள் காட்டை வெட்டிக் கரும்பு போட்டார்கள். இன்றும் தீவின் பெரும்பகுதி கரும்புதான். அங்கே 2004-ல் தொடங்கிய கிரேஸ் ரம் நிறுவனம், கைவிடப்பட்ட பழைய விமான நிலையக் கட்டடத்தை வடிசாலை ஆக்கிக்கொண்டது. ‘கோர் கோர்’ என்ற பெயரில் இரண்டு ரம். சிவப்புச் சீட்டு ஒட்டியது மொலாசஸில் செய்தது. பச்சைச் சீட்டு ஒட்டியது கரும்புச் சாற்றையே நேராக நொதிக்கவைத்து வடித்தது. கரும்பு வெட்டும் பருவத்தில் மட்டுமே செய்ய முடிவதால் இரண்டாவது அரிது. அதன் மூடியைத் திறந்தாலே பச்சைப் புல்லும் ஊறிய ஆலிவ் காயும் கலந்த ஒரு வாசம் எழும். யூசுவோடு சேர்க்க இதுவே கெட்டிக்காரத் தேர்வு என்றாலும், அளவு கொஞ்சம் மீறினாலும் பழத்தை விழுங்கிவிடும். ஒகினாவாவின் இயே தீவிலும், ஷிகொக்குவின் கோச்சி மாவட்டத்திலும் ரம் தயாராகிறது. கேரளத்துக் கொச்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரம்மும் யூசுவும் ஒரே மாவட்டத்தில் கிடைப்பது கோச்சியின் ஒரு சிறப்பு.

அமாமி தீவுகளில் மட்டும் ரம்முக்கு மிக நெருங்கிய உறவு ஒன்று வேறு பெயரில் இருக்கிறது: கொகுதோ ஷோச்சூ. ஷோச்சூ என்பது ஜப்பானிய வடிமது. 1953 டிசம்பரில் அமெரிக்கா அந்தத் தீவுகளை ஜப்பானிடம் திருப்பிக் கொடுத்தபோது ஒரு வரிச் சிக்கல் எழுந்தது. கரும்புச் சர்க்கரையில் செய்த மதுவை அன்றைய ஜப்பானியச் சட்டம் ரம் வகையில் வைத்து அதிக வரி போட்டிருக்கும். அதனால் தீவுத் தொழில் செத்துப்போகும் என்பதால் ஒரு விலக்கு தரப்பட்டது. அரிசியில் கோஜி பூஞ்சையை வளர்த்து, அதையும் சேர்த்து நொதிக்கவைத்தால் அமாமியில் செய்யும் அந்த மது ஷோச்சூவாகக் கருதப்படும். இன்றும் அந்த உரிமை அமாமிக்கு மட்டும்தான். ஆக, வரி அதிகாரியின் பேனாவே ஒரு மதுவின் சுவையைத் தீர்மானித்திருக்கிறது. வெல்ல வாசனையோடு அரிசியின் மென்மையும் சேர்ந்த இதில் ஆல்கஹால் பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம். ரம்முக்குப் பதில் இதை ஊற்றினால் பானம் சன்னமாகிவிடும். பாதி ரம், பாதி ஷோச்சூ என்று கலப்பவர்களின் வழி புத்திசாலித்தனமானது.

பானத்தின் உயிர் யூசுவில் இருக்கிறது. சீனாவின் யாங்சி ஆற்றின் மேற்பகுதியிலிருந்து பண்டைக் காலத்திலேயே ஜப்பானுக்கு வந்த பழம் இது. காட்டு எலுமிச்சை வகை ஒன்றும் கமலா வகை ஒன்றும் கலந்து பிறந்தது. எலுமிச்சை இனத்தில் பெரும்பாலானவை பனியில் கருகிவிடும். யூசு உறைபனியையும் தாங்கி நிற்கும். அதனால்தான் மலைச்சரிவு ஊர்களில் அது செழிக்கிறது. ஜப்பானின் மொத்த யூசுவில் ஏறக்குறைய பாதி கோச்சி மாவட்டத்தில் விளைகிறது. அங்குள்ள உமாஜி என்ற மலைக் கிராமம், காட்டு மரத் தொழில் நசிந்தபின் யூசுச் சாறும் பானமும் விற்றே பிழைத்து, நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. மரத்தில் விரல் நீள முட்கள். விதை போட்டு வளர்த்தால் பழம் காணப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஒட்டுக் கன்று என்றால் சில வருடத்தில் காய்க்கும். குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு வரும் டிசம்பர் 22-ஐ ஒட்டி, வெந்நீர்த் தொட்டியில் முழு யூசுப் பழங்களை மிதக்கவிட்டுக் குளிப்பது ஜப்பானிய வழக்கம்.

கையில் எடுத்துப் பார்த்தால் யூசு அழகான பழம் என்று சொல்ல முடியாது. சிறிய ஆரஞ்சுப் பழ அளவு, மேடும் பள்ளமுமான தடித்த தோல், அங்கங்கே தழும்பு. குறுக்கே வெட்டினால் உள்ளே பாதி இடத்தைக் கொட்டைகளே அடைத்திருக்கும். பிழிந்தால் ஒரு பழத்துக்கு ஒரு மேஜைக்கரண்டிச் சாறு தேறினால் பெரிது. ஆனால் கத்தி தோலில் பட்ட அந்த நொடியில் அறை முழுதும் மணக்கும். எலுமிச்சையின் கூர்மையும் கமலாவின் இனிமையும் உண்டு. அவற்றுக்கு அடியில் பூவாசமும் பச்சிலை வாசமும் நிற்கும். அந்த மணம் பெரும்பாலும் தோலின் எண்ணெயில்தான் இருக்கிறது. இது செய்முறைக்கு மிக முக்கியமான செய்தி. சாற்றை மட்டும் ஊற்றிவிட்டு யூசு டைக்கிரி என்று கொடுப்பவர் பழத்தின் பாதியைக் குப்பையில் போட்டவர். கோடை முடிவில் பறிக்கும் பச்சை யூசுவின் மணம் காரமாக, கூர்மையாக இருக்கும். நவம்பர், டிசம்பரில் பழுத்த மஞ்சள் யூசு உருண்டு திரண்ட மணம் தரும்.

ஜப்பானில் இதற்கு உறவினர்கள் பலர். ஒகினாவாவின் ஒகிமி ஊரில் விளையும் ஷிக்குவாசா, தொகுஷிமாவின் சுதாச்சி, ஓய்தாவின் கபோசு. மூன்றும் பச்சையாகவே பயன்படுபவை; மூன்றும் டைக்கிரிக்குப் பொருந்தும். ஒகினாவா ரம்மோடு ஷிக்குவாசாவைச் சேர்ப்பதில் மண்ணின் பொருத்தமும் உண்டு.

செய்முறைக்கு முதலில் பாகு. 100 கிராம் கொகுதோவைப் பொடித்து, 100 மி.லி. தண்ணீரில் போட்டு, சிறு தீயில் கரையும்வரை சூடாக்கினால் போதும். கொதித்துத் திரள வேண்டியதில்லை. மேலே வரும் நுரையை எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். சூடான பாகை ஷேக்கரில் ஊற்றினால் ஐஸ் உருகிப் பானம் தண்ணீராகும்.

ஷேக்கரில் 60 மி.லி. வெள்ளை ரம், 10 மி.லி. யூசுச் சாறு, 10 மி.லி. பச்சை எலுமிச்சைச் சாறு, 15 மி.லி. கொகுதோப் பாகு. எலுமிச்சையை ஏன் முழுதாக விலக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. யூசுவின் புளிப்பு எலுமிச்சையைவிட மெத்தென்று இருக்கும், மணம்தான் பெரிது. 20 மி.லி.யும் யூசுவானால் பானம் அருமையாக மணக்கும், ஆனால் ரம்மின் சூட்டை எதிர்த்து நிற்கப் புளிப்பு போதாது. வாயில் தொளதொளவென்று இருக்கும். எலுமிச்சை முதுகெலும்பைக் கொடுக்க, யூசு முகத்தைக் கொடுக்கிறது. சாறு ஊற்றும் முன்பே யூசுத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் கால் கரண்டி அளவு துருவி ரம்மில் போட்டு ஒரு நிமிடம் விட வேண்டும். எண்ணெய் ஆல்கஹாலில் எளிதாகக் கரையும், தண்ணீரில் கரையாது. வெள்ளைத் தோல் சேர்ந்தால் கசக்கும். எல்லாம் சேர்ந்தபின் ஐஸ் போடும் முன் ஒரு சொட்டு ருசி பார்ப்பது அவசியம். அப்போது இனிப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் சரியான பதம். குளிர்ந்ததும் இனிப்பு நாக்குக்கு மங்கிவிடும்.

அடுத்தது ஐஸும் குலுக்கலும். ஜப்பானியர்கள் ஐஸ் விஷயத்தில் கொள்ளும் அக்கறை மற்றவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஐஸ் ஆலைகளில் தண்ணீரைச் சலனப்படுத்திக்கொண்டே இரண்டு நாளுக்கு மேல் மெதுவாக உறையவைக்கிறார்கள். காற்றுக்குமிழும் அழுக்கும் விலகி, மறுபக்கம் தெரியும் தெளிந்த கட்டி கிடைக்கிறது. பார்டெண்டர் அதை ரம்பத்தால் அறுத்து, கத்தியால் செதுக்கி வைத்துக்கொள்கிறார். கெட்டியான கட்டி குலுக்கும்போது நொறுங்காது, மெதுவாகவே உருகும். வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸிலும் வேலை நடக்கும். ஒரே நிபந்தனை: உறைவிப்பானிலிருந்து எடுத்தவுடன், மேலே ஈரம் பளபளக்கும் முன்பே ஷேக்கரில் போட வேண்டும்.

குலுக்குவதில் கின்சாவின் டெண்டர் பார் உரிமையாளர் கஸுவோ உயேதாவின் ‘ஹார்ட் ஷேக்’ உலகப் புகழ் பெற்றது. மூன்று பாகங்கள் கொண்ட ஷேக்கரைத் தோளுக்கு நேராகப் பிடித்து, மணிக்கட்டை முறுக்கி, ஐஸ் ஷேக்கரின் மூலைக்கு மூலை உருண்டோடும்படி வேகமாகக் குலுக்குவது. நுண்ணிய காற்றுக்குமிழ்கள் மதுவின் முரட்டுத்தனத்தைப் பஞ்சாகப் பொதிந்துகொள்ளும் என்பது அவர் விளக்கம். அமெரிக்காவின் டேவ் ஆர்னால்டு போன்ற சோதனையாளர்கள் இதை வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு விநாடிக்கு மேல் நன்றாகக் குலுக்கிவிட்டால், யார் எந்தப் பாணியில் குலுக்கினாலும் குளிர்ச்சியிலும் தண்ணீர் கலப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். கின்சாவில் இந்த முடிவு யாரையும் அசைக்கவில்லை. வீட்டில் செய்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே: கூச்சப்படாமல் வேகமாகக் குலுக்க வேண்டும், ஷேக்கரின் வெளிப்புறம் பனி பூத்து விரலில் ஒட்டத் தொடங்கும்வரை. அப்போது பானம் பூஜ்ஜியத்துக்குக் கீழே நாலைந்து டிகிரி இறங்கியிருக்கும். அளவில் கால்பங்குக்கும் சற்று அதிகமாகத் தண்ணீர் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீரும் செய்முறையின் ஒரு பகுதி. அது இல்லாவிட்டால் பானம் தொண்டையை எரிக்கும்.

முன்பே குளிரவைத்த கோப்பையில் நுண்வடிகட்டி வழியாக ஊற்ற வேண்டும். தோல் துருவலும் ஐஸ் சில்லும் வடிகட்டியில் நின்றுவிடும். மேலே மெல்லிய நுரைப் படலம் கட்டும். கட்டைவிரல் அளவு யூசுத் தோலை எடுத்து, வெளிப்புறம் பானத்தைப் பார்க்கும்படி வளைத்துப் பிழிந்தால் எண்ணெய் தூவலாக நுரைமேல் விழும். கொகுதோ சேர்ந்ததால் நிறம் இளநீர் வழுக்கையை விட்டுக் கரும்புச் சாற்றுப் பக்கம் போயிருக்கும். வெண்மையாக வேண்டுமென்றால் பாகுக்குப் பதில் வசன்போன் இரண்டு கரண்டி. சுவையும் மாறும்: கொகுதோ ரம்மைத் தூக்கிக் காட்டும், வசன்போன் யூசுவைத் தூக்கிக் காட்டும். இரண்டையும் ஒரே கோப்பையில் போடுவதில் பயனில்லை.

பச்சைத் தேயிலைப் பொடி, வசாபி, பிளம் மது, செர்ரிப் பூ உப்பு என்று ஜப்பானை நினைவூட்டும் எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் கொட்டுவது இப்போது பல ஊர் பார்களில் நடக்கிறது. மூன்று பொருள் பானத்தில் நான்காவது நுழைந்தால் யாரோ ஒருவர் வெளியேற வேண்டும். பெரும்பாலும் வெளியேறுவது யூசுவின் மணம். ஒரு விலக்கு சொல்லலாம். யூசுத் தோலும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைக்கும் யூசு கொஷோ என்ற கியூஷு தீவுத் துவையலில் பட்டாணி அளவு கரைத்தால், உப்பு கசப்பை அடக்கி, காரம் கடைசியில் மெல்ல எட்டிப்பார்க்கும். அதற்குமேல் போனால் பானம் ரசமாகிவிடும். சாக்கேயை ரம்முக்குப் பதிலாக ஊற்றுவது வீண் வேலை. அதன் ஆல்கஹால் 15 சதவீதம் அளவுதான், புளிப்பின் முன் காணாமல் போய்விடும்.

தமிழ்நாட்டில் புதிய யூசுப் பழம் கிடைப்பது அரிது. பாட்டிலில் வரும் யூசுச் சாறு இறக்குமதிக் கடைகளில் கிடைக்கும். சிலவற்றில் உப்போ சர்க்கரையோ சேர்ந்திருக்கும் என்பதால் சீட்டைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். கொரிய மளிகைக் கடைகளில் யூஜா சா என்ற பெயரில் விற்கும் பழப்பாகு இதே பழத்தின் தோலை இனிப்பில் ஊறவைத்தது. ஒரு தேக்கரண்டி அதைப் போட்டுக் குலுக்கி, சர்க்கரைப் பாகைப் பாதியாகக் குறைத்தால் தோலின் மணம் ஓரளவு வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் நாரத்தங்காயின் தோல் துருவல். யூசுவின் மணம் அதில் வராது. ஆனால் வெறும் எலுமிச்சையில் இல்லாத ஒரு ஆழம் வரும். கொகுதோவுக்குப் பதில் நல்ல உருண்டை வெல்லம் தாராளமாகப் போதும். தூசு, மணல் இருக்குமென்பதால் பாகை இரண்டு தடவை வடிகட்டுவது நல்லது. கறுத்த ரம்மை மட்டும் தவிர்க்க வேண்டும். அதன் வெனிலா வாசம் யூசுவின் வாயை அடைத்துவிடும்.

மது தொடாதவர்களும் இதன் ருசியை அறியலாம். ரம்மை விட்டுவிட்டு, யூசுவும் எலுமிச்சையும் பாதிப் பாதி 30 மி.லி., கொகுதோப் பாகு 25 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குலுக்கி, உயரமான கண்ணாடியில் ஊற்றிச் சோடாவால் நிரப்பினால் கோடைக்கு இதமான சர்பத். தோலைப் பிழிவதை இதிலும் விட்டுவிடக் கூடாது.

மதுவோடு குடிப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் விற்கும் ரம்மில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால். 60 மி.லி. ஊற்றிச் செய்த ஒரு சிறிய கோப்பை டைக்கிரியில் சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. பல நாடுகள் ஒரு ‘டிரிங்க்’ என்று எண்ணும் 10 கிராமுக்கு அது இரண்டு மடங்கு. புளிப்பும் குளிர்ச்சியும் அதை மறைத்துவிடுவதால் இரண்டாவது கோப்பை ஜூஸ் போல உள்ளே போய்விடும். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குடித்துவிட்டு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.